அப்பீலா, அதே கோர்ட்டா?

குடும்ப வழக்கில் கிடைத்த தீர்ப்பை எதிர்த்து மேல் கோர்ட்டுக்குப் போவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அவற்றுக்கே கொடுக்கிறேன். காணித் தகராறு, கடன் வழக்குக் கடிதங்கள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் பெயர், தோட்டப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பத்திரிகை பத்துக் கை மாறும் என்பது எனக்குத் தெரியும்.

*

கேள்வி: மேடம், நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டல் வேலை. மூன்று வருசமாக வீட்டுக்குக் காசு அனுப்புவதில்லை. ஹட்டன் கோர்ட்டில் தாபரிப்பு வழக்குப் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் கட்டச் சொல்லி ஐயா கட்டளை போட்டார். இப்போது அவர் அப்பீல் போட்டுவிட்டாராம். "அப்பீல் முடியும் வரைக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, என் லோயர் சொல்லிவிட்டார்" என்று போனில் சிரிக்கிறார். அது உண்மையா? எனக்கும் அந்தக் காசு போதாது. நானும் அப்பீல் போடலாமா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, அவர் சிரித்தது போதும். அவர் சொல்வது சரியில்லை.

தாபரிப்பு வழக்குகள் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டத்தின்படி நடக்கின்றன. நீதவானின் கட்டளை பிடிக்காவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள உரிமை. ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. அப்பீல் போட்டதால் மட்டும் பணம் கட்டும் கட்டளை நின்றுவிடாது. மேல் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிந்து "நிறுத்தி வை" என்று சொன்னால்தான் நிற்கும். மற்றக் குற்றவியல் அப்பீல்களில் நடப்பதைப் பார்த்துவிட்டு இதுவும் அப்படித்தான் என்று நினைக்கிற ஆண்கள் நிறையப் பேர். சட்டம் எழுதியவர்கள் இந்தத் தந்திரத்தை முன்கூட்டியே யோசித்துத்தான் அந்த வரியைப் போட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வயிறு அப்பீல் முடியும் வரை காத்திருக்காது அல்லவா.

ஆகவே முதலில் அவரிடம், அல்லது அவருடைய லோயரிடம், மேல் நீதிமன்றத்தின் தடைக் கட்டளை இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், கட்டாமல் விட்ட மாதங்களைக் கணக்கெழுதி ஹட்டன் கோர்ட்டிலேயே நிலுவைக்கு விண்ணப்பம் போடுங்கள். அப்பீல் போன பிறகும் இதைச் செய்யலாம். கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பவும், வேலை கொடுக்கும் இடத்திலேயே சம்பளத்தில் பிடிக்கச் சொல்லவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஹோட்டலின் பெயர், விலாசம், அவர் அங்கே என்ன வேலை என்பதை எப்படியாவது தெரிந்து வையுங்கள். "கொழும்பில் எங்கேயோ" என்று சொன்னால் எந்தக் கோர்ட்டாலும் எதையும் பிடிக்க முடியாது. அவர் எப்போதாவது ஈசி கேஷில் ஐந்நூறு ஆயிரம் அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் கணக்கில் போடுங்கள். பிறகு அவர் அந்தத் துண்டைக் காட்டினால் உங்கள் முழுக் கணக்கும் பொய் மாதிரித் தோன்றும்.

இப்போது உங்கள் அப்பீல். கட்டளை வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான் கெடு. மனுவை ஹட்டன் கோர்ட்டிலேயே கொடுக்க வேண்டும், அவர்கள்தான் வழக்கேட்டோடு மேலே அனுப்புவார்கள். நேரே மேல் நீதிமன்றத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு நாள் பேரை (ஒரு நாள் வேலைக் கூலியை) இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஞாயிறு கழியும், போயா கழியும் என்று யாராவது சொன்னாலும் நம்பி இருக்க வேண்டாம். கலண்டரில் நேராக 14 எண்ணி, அதற்கும் முன்னே போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள திகதியைப் பார்த்தால் அந்தக் கெடு ஏற்கனவே போய்விட்டது. கெடு உள்ள விஷயத்தைப் பத்திரிகைக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள் என்று எல்லா வாசகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை, உங்கள் விஷயத்துக்கு அப்பீல் சரியான வழியும் இல்லை. "போதாது" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். வழக்கு நடந்தபோதே அவருடைய சம்பளச் சீட்டு கோர்ட்டில் இருந்தது, நீதவான் அதைக் கவனிக்காமல் குறைத்துப் போட்டார் என்றால் அது அப்பீலுக்கான விஷயம். அன்றைக்குச் சம்பளச் சீட்டு இல்லை, இப்போதுதான் அவருக்கு நல்ல சம்பளம் என்று தெரிகிறது, அல்லது மூத்த பிள்ளை ஏ.எல். படிக்கப் போகிறது, வகுப்புக் காசு ஏறிவிட்டது என்றால் அது கட்டளையை மாற்றக் கேட்கும் விஷயம். அதற்கு அதே நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு 14 நாள் கெடு கிடையாது. மேல் நீதிமன்றம் பழைய வழக்கேட்டில் உள்ள காகிதங்களைப் படித்துத்தான் தீர்ப்புச் சொல்லும். புதுச் சம்பளச் சீட்டை அங்கே கொண்டுபோய் நீட்டினால் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள்.

உங்கள் தோட்டச் சம்பளச் சீட்டையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், சந்தா, அட்வான்ஸ், சேமலாப நிதி எல்லாம் பிடித்த பிறகு கைக்கு வருவது எவ்வளவு என்பதை நீதவான் கண்ணால் பார்க்க வேண்டும். "தோட்டத்தில் நாளைக்கு இவ்வளவு சம்பளம், இவளுக்கு என்ன குறை" என்று எதிர்த்தரப்பு லோயர் பெருக்கிக் காட்டுவார். வேலை கொடுத்த நாள்கள் எத்தனை என்பதை அந்தச் சீட்டுத்தான் சொல்லும்.

*

கேள்வி: அக்கா, விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றம் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிள்ளையும் அவளிடம். என் லோயர் அப்பீல் நோட்டீஸ் கொடுத்துவிட்டார், ஆனால் அவர் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கண்டியில் ஒரு பெரிய லோயரைப் பிடித்திருக்கிறேன். அவர் அப்பீல் மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வேறு ஏதாவது நான் கவனிக்க வேண்டுமா? (வாசகர், கொட்டகலை)

பதில்: தம்பி, கவனிக்க வேண்டியது இருக்கிறது, அதுவும் அவசரமாக.

மாவட்ட நீதிமன்றத்து அப்பீல் இரண்டு படியாக ஏறும். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ். அந்த 14இல் தீர்ப்புச் சொன்ன நாள், நோட்டீஸ் கொடுக்கும் நாள், ஞாயிற்றுக்கிழமைகள், பொது விடுமுறைகள் சேராது. அப்புறம் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் அப்பீல் மனு. இந்த 60இல் எதையும் கழிக்க முடியாது. தைப்பொங்கலும் சேரும், வெசாக்கும் சேரும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 60 என்று எண்ணி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, தீர்ப்பு நாள்தான் கணக்கு. இரண்டையும் கொடுக்கும் இடம் வழக்கு நடந்த மாவட்ட நீதிமன்றம். நோட்டீஸோடு எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், நோட்டீஸின் பிரதியை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்ததற்கான அத்தாட்சியும் இருக்க வேண்டும். உங்கள் லோயர் அவற்றைச் சேர்த்தாரா என்று வழக்கேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரொக்ஸி. வழக்குத் தொடங்கிய நாளில் ஒரு மஞ்சள் நிறமோ வெள்ளை நிறமோ ஒரு தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், படித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் மூலம் பழைய லோயர் உங்களுடைய பதிவுபெற்ற சட்டத்தரணி ஆகிவிட்டார். கோர்ட் ஏட்டில் அந்தப் பிரொக்ஸி உயிரோடு இருக்கும் வரை, அந்தக் கோர்ட்டில் கொடுக்கும் அப்பீல் நோட்டீஸிலும் மனுவிலும் அவர் கையெழுத்துத்தான் செல்லும். கண்டி லோயர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, நீங்களே கையெழுத்துப் போட்டாலும் சரி, அது செல்லாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பும். இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியான அப்பீல்கள் நம் நாட்டுச் சட்ட அறிக்கைகளில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வழக்கில் எவ்வளவு நியாயம் இருந்தும் பலன் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான்: பழைய பிரொக்ஸியை இரத்துச் செய்யும் பத்திரத்தைக் கோர்ட்டில் கொடுத்து, அதை நீதிபதி ஏற்று ஏட்டில் பதிந்த பிறகு, புதுப் பிரொக்ஸியைப் போடுங்கள். 60 நாளில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்றால், மனஸ்தாபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய லோயரிடமே மனுவில் கையெழுத்து வாங்குங்கள். மனுவைக் கண்டி லோயரே எழுதித் தரட்டும், அதில் தப்பில்லை. கையெழுத்து முடிந்த பிறகு ஆறுதலாக லோயரை மாற்றலாம். பழையவருக்குக் கொடுக்க வேண்டிய பீஸ் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் போய்க் கேளுங்கள், எங்கள் தொழிலிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

அப்பீலைக் கேட்கப் போவது கண்டியில் உள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம். முன்பெல்லாம் இதற்கும் கொழும்பு புதுக்கடைக்குத்தான் போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகு மாகாணத்துக்குள்ளேயே முடிகிறது. ஊவாக்காரருக்குப் பதுளை. அங்கேயும் தோற்றால் நாட்டின் உச்சக் கோர்ட்டான உயர் நீதிமன்றத்துக்குப் போக முதலில் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு ஆறு வாரம். ஆனால் அனுமதி லேசில் கிடைப்பதில்லை.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்டியில் யாரும் உங்கள் மாமியாரைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் மாவட்ட நீதிபதிதான், "இவரை நம்புகிறேன், அவரை நம்பவில்லை" என்று அவர் எழுதியதை மேல் கோர்ட் சாதாரணமாகத் தொடாது. நம்பியதற்கு ஏட்டில் ஆதாரமே இல்லை, அல்லது சட்டத்தைத் தப்பாகப் பிடித்தார் என்று காட்ட வேண்டும். உங்கள் ஐந்து பக்கக் கடிதத்தில் நாலரைப் பக்கம் அவர்கள் சொன்ன பொய்கள் பற்றியது. சட்டப் பிழை என்று நான் கண்டது ஒன்றுதான்: துறந்து போனதற்கான காரணம் பற்றி நீங்கள் கொடுத்த கடிதங்களைத் தீர்ப்பு பேசவே இல்லை என்கிறீர்களே, அது. கண்டி லோயரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பார்க்கும் நாள்களைக் கூட்டிக் கேட்பதற்கு அப்பீல் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அதை மாவட்ட நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்கலாமா என்று உங்கள் லோயரோடு பேசுங்கள்.

*

கேள்வி: விவாகரத்து வழக்கு இன்னும் விளக்கத்துக்கே வரவில்லை. அதற்குள் மனைவிக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி இடைக்காலக் கட்டளை. இதற்கும் நோட்டீஸ், 60 நாள் என்றுதான் போக வேண்டுமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: இல்லை. வழக்கு முடியுமுன் வரும் கட்டளைக்கு வழி வேறு. அனுமதி கேட்டு மேன்முறையீடு செய்ய வேண்டும், 14 நாளுக்குள், அதுவும் நேரே கண்டிக் கோர்ட்டில். எது தீர்ப்பு, எது வெறும் கட்டளை என்பதில் எங்களைப் போன்றவர்களே மணிக்கணக்கில் வாதாடுவோம். உங்களுடையதில் சந்தேகம் இல்லை, அது கட்டளைதான். ஒரு கேள்வி மட்டும்: அனுமதி கேட்டுக் கண்டிக்குப் போய்வரும் செலவும் லோயர் பீஸும், அந்த மாதாந்தத் தொகையில் எத்தனை மாதக் காசு? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

*

கேள்வி: பிள்ளை, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதுது. என் மகள் குவைத்தில் வீட்டு வேலை. இரண்டு வருசத்துக்கு முன்னே பண்டாரவளைக் கோர்ட்டில் விவாகரத்து முடிந்து, பேத்தியைத் தகப்பனிடம் கொடுத்தார்கள். மகளும் அப்போது சரி என்றுதான் சொன்னாள். இப்போது அவன் வேறு கலியாணம் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் சின்னப் பிள்ளை பார்க்க வைத்திருக்கிறான். அப்பீல் போட்டுப் பேத்தியை எடுக்கலாமா? (ஒரு பாட்டி, அப்புத்தளை)

பதில்: அம்மா, அப்பீல் என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். இரண்டு வருசத்துக்கு முந்தின தீர்ப்பில் பிழை இருந்ததாக நீங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு அது சரியாக இருந்தது, இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கட்டளை கல்லில் வெட்டியது இல்லை. பிள்ளையின் நலன்தான் முதலாவது. நிலைமை மாறினால் அதே பண்டாரவளை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் மாற்றக் கேட்கலாம். எத்தனை வருசம் ஆனாலும் கேட்கலாம்.

கேட்க வேண்டியது மகள், அவள்தான் வழக்கில் கட்சிக்காரி. குவைத்தில் உள்ள நம் தூதரகத்துக்குப் போய்ச் சத்தியக் கடதாசியும் அட்டோர்னித் தத்துவமும் (தனக்காக இங்கே ஒருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரமும்) கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன வாசகம் எழுத வேண்டும் என்பதை இங்கேயுள்ள லோயர் முதலில் அனுப்ப வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு யோசித்தால் மேடம் வீட்டில் இன்னொரு முறை லீவு தரமாட்டார்கள். மகள் அங்கேயே இருந்துகொண்டு பிள்ளையைக் கேட்டால், "யார் பார்ப்பது?" என்று நீதிபதி கேட்பார். அதற்குப் பதில் நீங்கள்தான். உங்கள் வீட்டில் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மகள் மாதாமாதம் அனுப்புவது எவ்வளவு என்பதெல்லாம் தயாராக இருக்கட்டும். மகள் எப்போது திரும்புகிறாள் என்பதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்து வரவுப் பதிவுதான் உங்களுடைய பெரிய சாட்சி. அதிபரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர் இருப்பார், அவரிடமும் ஒரு முறைப்பாடு எழுத்தில் இருக்கட்டும். பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது அவருடைய வேலைக்குள் வரும். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்கவும் நீதிபதி சொல்லலாம். பிள்ளையை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் வழக்கு வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், சிறுவர் உதவி இலக்கமான 1929க்குப் போன் பண்ணுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கோர்ட் கட்டளை அவன் பக்கம் இருக்கிற வரைக்கும், நீங்கள் எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், குற்றம் உங்கள் மேல் திரும்பும்.

*

கேள்வி: நான் கட்டாரில் லொறி ஓட்டுகிறேன். நாவலப்பிட்டியில் என் மனைவி போட்ட விவாகரத்து வழக்கில், நான் வராததால் ஒருபக்கத் தீர்ப்பு வந்துவிட்டதாம். அழைப்பாணையை அடைத்துக் கிடந்த லயத்துக் கதவில் ஒட்டியதாக அம்மா சொல்கிறார். எந்தக் கோர்ட்டில் அப்பீல் போடுவது? (வாசகர், தோஹா)

பதில்: எந்தக் கோர்ட்டிலும் இல்லை. வராமல் விட்டதால் வந்த தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்று குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 88ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. உங்கள் வழி 86ஆம் பிரிவு. தீர்வையின் (தீர்ப்பின்படி கோர்ட் எழுதும் கட்டளைப் பத்திரத்தின்) பிரதி உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில், "நான் வராததற்கு நியாயமான காரணம் இருந்தது" என்று விண்ணப்பிக்க வேண்டும். காரணத்தை நிரூபித்தால் தீர்ப்பு நீங்கும், நீங்கள் வராமல் விட்ட கட்டத்திலிருந்து வழக்கு நடக்கும். நிரூபிக்க முடியாமல் கோர்ட் மறுத்தால், அந்த மறுப்புக் கட்டளைக்கு அப்பீல் உண்டு.

பாஸ்போர்ட்டில் உள்ள வெளியேறிய முத்திரை, கட்டார் வேலை ஒப்பந்தம், வதிவிட அட்டை இவைதான் உங்கள் சாட்சி. அழைப்பாணை ஒட்டிய திகதியில் நீங்கள் நாட்டில் இல்லை என்று அவை பேசும். நீங்கள் வெளிநாட்டில் இருப்பது மனைவிக்குத் தெரியும் என்பதற்கு அவர் உங்களுக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். அந்த 14 நாளைக் கவனியுங்கள். அம்மா கையில் ஏதாவது கடதாசி கொடுத்தார்களா, கொடுத்தது எந்த நாள் என்று இன்றைக்கே கேளுங்கள்.

*

கேள்வி: நான் ஆசிரியை. என் தங்கையின் வழக்கில் தீர்ப்பைச் சிங்களத்தில் வாசித்தார்கள், முதலியார் (கோர்ட் உரைபெயர்ப்பாளர்) இரண்டு வசனத்தில் தமிழில் சொன்னார், அவ்வளவுதான். முழுத் தீர்ப்பின் தமிழ்ப் பிரதி கேட்டோம், இன்னும் வரவில்லை. தமிழ்ப் பிரதி கிடைத்த நாளிலிருந்து கெடுவை எண்ணலாமா? (வாசகி, இராகலை)

பதில்: கெடு தீர்ப்பு நாளிலிருந்துதான். மொழிபெயர்ப்புக்கு அது நிற்காது. இதை எழுதும்போது எனக்கே எரிச்சல் வருகிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்கள் தங்கைக்கு நிறையவே கொடுத்திருக்கிறது: தமிழில் வழக்குத் தொடங்கலாம், தமிழில் ஆவணம் கொடுக்கலாம், விளங்காத மொழியில் நடந்தால் அரச செலவில் உரைபெயர்ப்புக் கேட்கலாம், ஏட்டின் மொழிபெயர்ப்பையும் பெறலாம். எல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. மலையகத்துக் கோர்ட்டுகளில் தட்டெழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் போதாமல் இருக்கும் நிலையில், அந்த உரிமை கைக்கு வருவதற்குள் 14 நாள் ஓடிவிடுகிறது.

அதனால் சிங்களப் பிரதியை உடனே வாங்குங்கள், தமிழை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். நீங்கள் ஆசிரியை, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கும் ஒருவர் இருப்பார், பொருள் விளங்க அது போதும். நோட்டீஸ் கொடுக்க முழுத் தீர்ப்பும் விளங்கியிருக்க வேண்டியதில்லை, அப்பீல் காரணங்களை விரிவாக எழுதுவது 60 நாளுக்குள் கொடுக்கும் மனுவில்தான். தமிழ்ப் பிரதி கேட்டு எழுதிய கடிதத்தின் நகலில் பதிவாளர் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு ஏற்கனவே தவறியிருந்தால் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. சட்டக்கோவையின் 765ஆம் பிரிவின்படி, தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் கெடு தவறியது, அப்பீலில் நல்ல நியாயம் இருக்கிறது, இடையில் நடந்த எதனாலும் எதிர்த்தரப்புக்கு அநியாயம் ஆகாது என்று மேல் கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் பிந்திய அப்பீலையும் ஏற்கலாம். மழையில் பாதை உடைந்து ஊரே துண்டிக்கப்பட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பேச இடம் உண்டு. "தெரியாமல் இருந்துவிட்டோம்" என்பதை நான் அந்தக் கதவுக்கு முன்னே கொண்டுபோக மாட்டேன்.

*

கேள்வி: முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் எனக்குத் தந்த தாபரிப்புத் தொகை குறைவு. மேலே எங்கே போவது? (வாசகி, கம்பளை)

பதில்: காதிகள் சபைக்கு. அங்கேயும் திருப்தி இல்லை என்றால், அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. உங்கள் கட்டளையின் பிரதியை எடுத்துக்கொண்டு இந்த வழக்குகள் பழகிய சட்டத்தரணி ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

*

கேள்வி: லோயருக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் அப்பீலைப் பற்றி நினைக்கவே கூடாதா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: அண்ணே, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழு அதற்குத்தான் இருக்கிறது. பல கோர்ட்டுகளின் வளவிலேயே அதன் அலுவலகம் இருக்கும். வருமானத்தைப் பார்ப்பார்கள், வழக்கில் பொருள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கிராம சேவகரின் வருமானக் கடிதம், தீர்ப்பின் பிரதி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்தால் அன்றைய பேரும் போகும். 14 நாள் கெடு என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், வரிசையில் உட்கார்ந்து கடைசியில் சொல்லாதீர்கள். லோயர் பீஸ் மிச்சமானாலும், வழக்கேட்டுப் பிரதிகளுக்குக் கட்டணம் கேட்டு வரும் கோர்ட் அறிவித்தலைக் கிடப்பில் போட வேண்டாம். அதைக் கட்டாததால் அப்பீலே கைவிடப்பட்டதாகப் போய்விடும்.

*

கேள்வி: மேடம், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். விவாகரத்துக் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து நான்தான் அப்பீல் போட்டேன். அது கண்டியில் கிடக்கிறது. போன தீபாவளிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. இப்போது சேர்ந்துதான் இருக்கிறோம். அப்பீலை அப்படியே விட்டுவிடலாமா? (வாசகி, புசல்லாவை)

பதில்: வெட்கப்பட என்ன இருக்கிறது! ஆனால் "அப்படியே விட்டுவிடுவது" மட்டும் வேண்டாம். நீங்கள் வராமல் இருந்து அப்பீல் தள்ளுபடியானால், கீழே கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பு அப்படியே நிற்கும். அப்பீலை வாபஸ் வாங்கினாலும் அதே கதைதான். முதலில் வருவது தற்காலிகத் தீர்வை. ஆகக் குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முடிந்த தீர்வையாக்கப்பட்டால், ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சட்டப்படி நீங்கள் பிரிந்தவர்களாகி விடுவீர்கள்.

இரண்டு பேரும் தத்தம் லோயர்களிடம் சொல்லுங்கள். சமாதானமாகிவிட்டோம், விவாகரத்துத் தீர்வையை நீக்கிவிடச் சம்மதம் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டு அடுத்த தவணையில் கண்டிக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அவர்தான் வழக்காளி என்றால் அவருடைய கையெழுத்து மிக முக்கியம், அவரையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாபரிப்பு வழக்கு ஏதாவது தனியாக நீதவான் நீதிமன்றத்தில் இருந்தால் அதைப் பற்றியும் லோயரிடம் கேளுங்கள், ஒன்றை முடித்தால் மற்றது தானாக முடியாது. அதை உடனே முடிக்க வேண்டும் என்ற அவசரமும் உங்களுக்கு இல்லை.